பல்லுக்காக நாடு மாறிய கதை

1

போன ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை டொரோன்டோவில் இருந்து ஒருவர் தொலைபேசி எடுத்து, என்னைப் பற்றி என்னிடமே விசாரித்தார்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எங்களுக்கு இரண்டு பெயர். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் பிலேந்திரன். கடவுச்சீட்டிலும் கோயில் பதிவிலும் அதுதான். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ராசன். என்னோடு யாழ்ப்பாணத்தில் படித்தவர்களில் பாதிப் பேருக்கு நான் பிலேந்திரன் என்பதே தெரியாது.

"ராசன் தம்பியோ கதைக்கிறது? நான் சூசை, டொரோன்டோவிலை இருந்து. உங்களோடை படிச்ச அல்பிரட்தான் நம்பர் தந்தவர். மொன்ட்ரியால் விசயம் எண்டால் உங்களைக் கேக்கச் சொன்னவர்."

"சொல்லுங்கோ அண்ணை."

"உங்கட பக்கம், கர்க்லாண்டிலை, பிலேந்திரன் எண்டு ஒரு அமெரிக்காக்காரன் இருக்கிறானாம். தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

அதில் பொய் இல்லை. ஆனால் அந்த இடத்திலேயே 'நான்தான் அது' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊர் தன்னைப் பற்றி என்ன கதைக்கிறது என்பதைத் தன் காதாலேயே முழுசாகக் கேட்கிற வாய்ப்பு செத்தவனுக்குக்கூடக் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது. விட மனம் வரவில்லை.

விசயம் இதுதான். சூசை அண்ணையின் தங்கை பிலோமினா மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார். கணவர் இல்லை. அவருடைய ஒரே மகன் ஜெரோம் எங்கள் மகள் டிலானியை விரும்புகிறான். தமிழ்க் கோயிலின் பாடகர் குழுவில் பழக்கம். பையன் நல்லவன் என்று எனக்குத் தெரியும். அவனை நான் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தேன். எங்களையும் அவர்கள் விசாரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கலியாணம் என்றால் அது முறைதானே. ஆனால் அந்த விசாரணை சுற்றிச் சுற்றி என் குசினித் தொலைபேசிக்கே வந்து சேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"நியூ ஜேர்சியிலை வரி ஏய்ச்சுப்போட்டு ஓடி வந்தவனாம்" என்றார் அவர். "இல்லாட்டி அமெரிக்கப் பாஸ்போட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு ஆரேன் கனடாவுக்கு வருவினமோ? அதுவும் கியூபெக்குக்கு? வருசா வருசம் மூண்டு இடத்துக்கு வரிக் கணக்குக் காட்டுறானாம். நேர்மையானவனுக்கு ஒரு இடம் காணாதோ?"

"ம்ம்."

"மாதம் ஒருக்கா எல்லை தாண்டிப் போறானாம். அங்கை ஆர் இருக்கினம்? அதோடை மனுசியும் ஒரு மாதிரியாம். சிரிக்காதாம். சிரிப்பு வந்தாலும் கையாலை வாயைப் பொத்துமாம். கோயில் பெருநாளிலை முறுக்குக் குடுத்தால் வாங்கி சேலைத் தலைப்புக்குள்ளை வைச்சிடுமாம். மனசிலை ஏதேன் வருத்தமோ தெரியாது. தாய்க்கு இருந்தால் பெட்டைக்கும் வரும் எல்லோ?"

அதுவரைக்கும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்பிடி ஒண்டும் இல்லை அண்ணை. நல்ல குடும்பம். அந்த மனுசியும் நல்ல மனுசி."

"நீங்கள் அவைக்குச் சொந்தமோ?"

"சொந்தம் எண்டு சொல்லேலாது."

"அப்ப ஏன் இவ்வளவு பரிஞ்சு கதைக்கிறியள்?"

அடுப்பில் தேத்தண்ணீர் கொதிக்கிறது என்று பேச்சை மாற்றினேன். கடைசியில் அவர் "இந்தக் கதை எங்களுக்குள்ளை இருக்கட்டும்" என்றார். எங்கள் ஆட்கள் இப்படிச் சொன்னால் அந்தக் கதை ஏற்கெனவே லண்டன் போய்த் திரும்பிவிட்டது என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

2

சூசை அண்ணையை நான் குறை சொல்லமாட்டேன். அவருடைய இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாக நினைத்திருப்பேன். நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். கடையில் மிச்சக் காசு சரியாக இருந்தாலும் ஏன் சரியாக இருக்கிறது என்று யோசிப்பவன். இங்கே பேரூந்துச் சாரதி "பொன்ஜூர்" என்று சிரித்தபோது, முதல் கிழமை முழுவதும் நான் என் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சனம் கனடாவில் இருந்து அமெரிக்காவுக்குப் போகும். அங்கே சம்பளம் கூட, வரி குறைவு, குளிரும் குறைவு. நாங்கள் எதிர்ப்பக்கமாக வந்தோம். அதுவும் நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த வருடத்துக்கு அடுத்த வருடம், கறுத்தத் தோலுள்ளவன் பெட்டியோடு எல்லையில் நின்றாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற காலத்தில் வந்தோம். சனம் கதைக்காமல் இருக்குமா? நெருப்பில்லாமல் புகையாது என்று நினைப்பார்கள்தானே.

மூன்று இடத்துக்கு வரிக் கணக்குக் காட்டுவது உண்மை. கனடாவின் மற்ற மாகாணங்களில் இருப்பவர்கள் ஒரு கணக்கோடு தப்பிவிடுவார்கள். கியூபெக்கில் மத்திய அரசுக்கு ஒன்று, மாகாண அரசுக்கு இன்னொன்று. அமெரிக்கப் பிரஜை உலகத்தின் எந்த மூலையில் உழைத்தாலும் அமெரிக்காவுக்கும் ஒரு கணக்குக் காட்ட வேண்டும். ஒருத்திக்கே பதில் சொல்லத் திணறுகிறவனுக்கு மூன்று மனைவிமார் வாய்த்த மாதிரி.

முதல் வருடம் செயின்ட்-மிஷேலில் ஒரு இத்தாலியக் கணக்காளரிடம் போனேன். அவர் என் தாள்களை எல்லாம் பார்த்துவிட்டு, அமெரிக்காவுக்கு நான் ஒன்றும் கட்டத் தேவையில்லை, கணக்கை மட்டும் காட்டினால் போதும் என்றார். இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்வார்களாம். இங்கே வரி கூட என்பதால் கழித்த பிறகு அங்கே கட்ட மிச்சம் ஒன்றும் இருக்காதாம். ஒரு அரசாங்கம் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் என்பதை நான் நம்பவில்லை. வேறொரு கணக்காளரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரராக இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். இன்றைக்கும் அமெரிக்க முத்திரை ஒட்டிய கடித உறை வந்தால் றெஜினாதான் அதைப் பிரிக்க வேண்டும். றெஜினா என் மனைவி.

எல்லை தாண்டிப் போவதும் உண்மைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் பிளாட்ஸ்பேர்க்கில் பெற்றோலும் கோழியும் சீஸும் மலிவு. போன வருடம் கனேடிய டொலர் அமெரிக்க டொலருக்குச் சரிக்குச் சரியாக வந்த பிறகு பாதி மொன்ட்ரியால் அங்கேதான் நிற்கிறது. ஆனால் சனத்தின் கண்ணுக்கு நான் மட்டும்தான் தெரிகிறேன். எல்லையில் இருக்கும் அமெரிக்க அதிகாரிக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை. என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

"அமெரிக்கனாக இருந்துகொண்டு ஏன் அங்கே வசிக்கிறாய்?"

"வேலை" என்பேன். உண்மையைச் சொன்னால் அவனும் நம்பமாட்டான்.

3

உண்மை, பல்.

நியூ ஜேர்சியில் நான் ஒரு சின்னப் பட்டறையில் இயந்திரக் கடைசல் வேலை செய்தேன். மருத்துவக் காப்புறுதி இருந்தது. அதற்கே சம்பளத்தில் ஒரு பெரிய துண்டு போய்விடும். அந்தக் காப்புறுதியில் பல்லுக்கு இடமில்லை. அமெரிக்கக் காப்புறுதிக்காரனைப் பொறுத்தவரை பல் உடம்பைச் சேர்ந்தது அல்ல. கை முறிந்தால் வா, நெஞ்சு நொந்தால் வா, பல் நொந்தால் அது உன் சொந்த விசயம் என்று விட்டுவிடுவான்.

டிலானிக்குப் பன்னிரண்டு வயதில் முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வளர்ந்தன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள். அவள் வகுப்புப் புகைப்படத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். பல்லுக்குக் கம்பி கட்டினால் சரியாகும் என்றார்கள். சொன்ன தொகையை இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். என்றாலும் மாதம் மாதம் கட்டலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

அதே மாரியில்தான் றெஜினாவுக்குக் கடைவாய்ப் பல் நொந்தது. வேரைத் துப்புரவாக்கிப் பல்லைக் காப்பாற்றலாம், அது செலவு. பிடுங்கினால் மலிவு என்று பல்வைத்தியர் சொன்னார். கம்பி, வேர் என்று இரண்டு செலவுக்கும் சேர்த்து எங்களிடம் வழியில்லை. நான் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டாள்.

"பிடுங்கச் சொல்லுங்கோ" என்றாள்.

ஒரு பல் போனால் பக்கத்துப் பல் சாயும். அது சாய்ந்தால் அதற்கடுத்தது நோகும். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். டிலானிக்குக் கம்பி கழற்றி, அவள் கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் காட்டிக் காட்டிச் சிரித்த காலத்தில், றெஜினாவுக்கு மேல்வரிசையில் ஒன்றும் மிச்சமில்லை. அவளுக்கு அப்போது நாற்பது வயது. ஆரோ ஒருவர் மலிவாகச் செய்து தந்த பொய்ப்பல் ஒன்று இருந்தது. கதைத்தால் 'டக்' என்று அடிக்கும், சிரித்தால் இறங்கும். ஊரில் கோயிலில் தனியாகப் பாடியவள் பாட்டை விட்டாள். சிரிப்பையும் விட்டாள். கையால் வாயைப் பொத்துகிற பழக்கம் அப்போதுதான் வந்தது.

டிலானிக்கு, அம்மாவுக்கு முரசு வருத்தம், ஈறு பழுதாகிப் பல் விழுகிறது என்று சொல்லி வைத்தோம். வேறு ஆருக்கும் எதுவும் சொல்லக்கூடாது என்று மாதா படத்துக்கு முன்னால் றெஜினா என்னிடம் சத்தியம் வாங்கினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். வெட்கம் எனக்கும் இருந்தது. அமெரிக்காவில் இருந்துகொண்டு பெண்சாதியின் பல்லைக் காப்பாற்ற வழியில்லாமல் போனேன் என்று ஊரில் ஆருக்குச் சொல்வது?

4

மொன்ட்ரியாலில் விமான உதிரிப்பாகம் செய்யும் கம்பனி ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். நேர்முகத்தில் காப்புறுதி பற்றிச் சொன்னார்கள். பல்லும் அதற்குள் அடக்கம் என்றார்கள். "பல்லுமா?" என்று கேட்டேன். ஓம் என்றார்கள். கொஞ்சம் கழித்து வேறு மாதிரி அதையே திரும்பக் கேட்டேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்க மறந்துபோனேன்.

ஊரில் இருப்பவர்கள் கனடாவில் எல்லாம் இலவசம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. அரசாங்க வைத்திய அட்டை சின்னப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும். எங்களைப் போன்றவர்களின் பல்லைப் பார்க்காது. ஆனால் எங்களுடைய காய்ச்சலையும் சத்திரசிகிச்சையையும் வரி பார்த்துக்கொள்கிறது. அந்தப் பாரம் கம்பனியின் தலையில் இல்லை. அதனால் கம்பனியால் பல்லுக்குக் கை நீட்ட முடிகிறது. எங்கள் பட்டறை முதலாளிக்கு அந்த வசதி இருக்கவில்லை. நியூ ஜேர்சியில் எனக்கு வரி குறைவு என்று நான் பெருமை பேசிய நாட்கள் உண்டு. நான் கட்டாத வரியை றெஜினா தன் பல்லால் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

முதல்முறை இங்கே பல்வைத்தியரிடம் போனபோது, றெஜினாவின் கீழ்வரிசை முழுவதையும் காப்பாற்றலாம் என்றார். நான் நம்பவில்லை. காசு பிடுங்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது வரவேற்பில் இருந்த பெண் ஒரு சின்னத் தொகையைச் சொல்லி, மிச்சத்தைக் காப்புறுதி கட்டும் என்றாள். கார் வரைக்கும் நடந்துபோய், பின்னால் ஆரும் கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

மேல்வரிசைக்கு வேறொருவர். பொய்ப்பல் செய்வதையே தனித் தொழிலாகப் படித்து, அரசாங்க அனுமதியோடு சொந்தக் கடை வைத்திருப்பவர்களை இங்கே 'டென்துரோலொஜிஸ்த்' என்பார்கள். பல்வைத்தியரை விட மலிவு. எங்களுடைய ஆள் தெப்பனோர் என்கிற ஒரு மூலைக்கடைக்குப் பக்கத்தில் இருந்தார். கடை சின்னது என்பதால் அவரிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. கிழமைக் கணக்கில் அச்செடுத்து, அராவி, திரும்ப அச்செடுத்து, கடைசியில் பல்லை மாட்டிவிட்டு, எந்த மொழியிலாவது நிறுத்தாமல் ஏதாவது சொல்லச் சொன்னார். றெஜினாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கிச் செபத்தை முழுவதும் சொல்லி முடித்தாள். பல் அசையவில்லை. சத்தம் போடவில்லை. அவர் "அமேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் அவள் காரில் மெல்லப் பாடினாள். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அழுவதைப் பார்த்தால் பாட்டை நிறுத்திவிடுவாள் என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் கையால் வாயைப் பொத்தும் பழக்கம் போகவில்லை. நாலு பேருக்கு முன்னால் முறுக்குக் கடிக்கும் துணிவும் வரவில்லை.

5

தொலைபேசிக் கதையை வீட்டில் சொன்னேன். டிலானி சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் இப்போது ஒரு கார்தெரியில், பகல்நேரக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். நாள் முழுக்கப் பிரெஞ்சு, எங்களோடு ஆங்கிலம், கோபம் வந்தால் மட்டும் இரண்டும் கலந்த தமிழ்.

"அப்பா, ஏன் நீங்கள்தான் எண்டு சொல்லேல்லை? அவை இப்ப என்ன நினைப்பினம்? அம்மான்ரை பல்லுக்காக வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோவன். இட்ஸ் ஜஸ்ட் டீத்."

"ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றாள் றெஜினா. "பல்லைப் பற்றி இந்த வீட்டிலை கதையில்லை."

"அம்மா, அவை உங்களுக்கு விசர் எண்டு நினைக்கினம்."

"நினைக்கட்டும்."

டிலானி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிலோமினா சம்மதிக்காவிட்டால் ஜெரோம் தாயை மீறி வரமாட்டான். தகப்பன் இல்லாத பிள்ளை. அது டிலானிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கதவுக்குப் பின்னால் அவள் அழுதது எனக்குக் கேட்டது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்கு வருவதென்று ஏற்பாடாகியது. சூசை அண்ணையும் டொரோன்டோவில் இருந்து வருகிறார் என்று ஜெரோம் சொன்னான். என் குரலை அவர் கேட்டிருக்கிறார்.

"நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ" என்றாள் றெஜினா. "தொண்டை நோ எண்டு சொல்லுறன்."

அந்த நேரத்தில் அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

6

வந்தார்கள். சூசை அண்ணை நெடிய மனுசன், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். சப்பாத்தைக் கழற்றும்போதே வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிலோமினா ஒடுங்கிய முகம், கூர்மையான கண். தையல் தொழிற்சாலையில் நின்ற நிலையில் வேலை செய்து கால் வீங்கியவர். ஜெரோம் வாசலோரக் கதிரையின் நுனியில் இருந்தான்.

"இவருக்குத் தொண்டை நோ, கதைக்கேலாது" என்று றெஜினா வாயைப் பொத்தியபடி சொன்னாள்.

நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரன் கதைக்கமாட்டான், வீட்டுக்காரி வாயைத் திறக்கமாட்டாள். சூசை அண்ணை தங்கையைப் பார்த்தார், தங்கை அண்ணையைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணீர் வந்தது, பலகாரம் வந்தது. பிலோமினா டிலானியைப் பார்த்து, "பிள்ளைக்குப் பல்லு நல்ல வடிவு" என்றார். அதுதான் அன்றைக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. றெஜினா தலையைக் குனிந்துகொண்டாள்.

சூசை அண்ணை பேச்சை மெல்ல வரிப் பக்கம் கொண்டுபோனார்.

"அமெரிக்கப் பாஸ்போட் இருந்தால் இங்கை வரி கட்டத் தேவையில்லையாம். அதுக்குத்தான் கன பேர் இஞ்சாலை வருகினமாம், என்ன?"

நான் தலையை ஆட்டிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் வருடா வருடம் மூன்று கணக்கோடு மாரடிக்கிறவனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஆர் அண்ணை சொன்னது? இங்கை ஒரு சதம் மிச்சமில்லாமல் கட்டுறன். ஒட்டாவாவுக்கும் கட்டுறன், கியூபெக்குக்கும் கட்டுறன். அமெரிக்காவுக்குக் கணக்கும் காட்டுறன்."

சூசை அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். அதுவரை இருந்த 'நீங்கள்' போய்விட்டது.

"நீர்தானே ராசன்?"

நான் தலையை ஆட்டினேன்.

"உம்மடை குடும்பத்தை நீரே நல்ல குடும்பம் எண்டு என்னட்டைச் சொன்னனீர். இப்ப தொண்டை நோ எண்டு நடிக்கிறீர். பிலோமினா, நான் சொன்னனான்தானே. உண்மை இருந்தால் ஏன் ஒளிக்கிறார்? ஏன் வந்தவை எண்டு ஒரு வார்த்தை சொல்லட்டும் பாப்பம்."

சொல்வதற்கு என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. சத்தியமும் இருந்தது. நான் றெஜினாவைப் பார்த்தேன். டிலானி என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல, கெஞ்சுகிற மாதிரி. பிலோமினா எழுந்து கைப்பையை எடுத்தார்.

"ஜெரோம், வெளிக்கிடு."

அவன் எழும்பவில்லை. ஆனால் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொரு முறை சொன்னால் எழும்புவான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"இருங்கோ அக்கா" என்றாள் றெஜினா. "இவர் பொய்க்காரன் இல்லை. ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு நான்தான் சத்தியம் வாங்கினனான்."

அவள் கைக்குட்டையை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். பிறகு அதை உள்ளங்கையில் விரித்துப் பிடித்தாள். அதில் மேல்வரிசை முழுவதும் இருந்தது. கன்னம் உள்ளே விழுந்து, ஒரு நொடியில் அவளுக்கு வயது ஏறியது. என்னைத் தவிர வேறு ஒருவருக்கும் அவள் காட்டாத முகம் அது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அவளுக்குச் சொல் போகவில்லை. குழறிக் குழறி, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"இதுக்குத்தான் வந்தனாங்கள். வேறை ஒரு களவும் இல்லை. அமெரிக்காவிலை எங்களுக்குப் பல்லுக்கு வழியிருக்கேல்லை. ரெண்டு பேரிலை ஒராளுக்குத்தான் காணும். பிள்ளைக்குக் கம்பி கட்டினம். எனக்குப் பிடுங்கினம். இங்கை வந்துதான் இதைக் கட்டினனான். நான் சிரிக்காதது விசரிலை இல்லை அக்கா. இது விழுந்திடும் எண்ட பயத்திலை பழகினது."

சூசை அண்ணை ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பல்லுக்காக ஆரேன் நாடு..."

"அண்ணை, சும்மா இருங்கோ" என்றார் பிலோமினா.

கைப்பையை வைத்துவிட்டு, எழும்பின கதிரையில் இருக்காமல், றெஜினாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். அந்தக் கைக்குட்டையைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாச் செய்திருக்கு" என்றார். "எங்கை செய்தனீங்கள்? எனக்கு இந்தப் பக்கத்தாலை சப்பேலாது. நாலு வருசமாச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

7

வருகிற சித்திரையில் கலியாணம். பிலோமினாவை றெஜினாதான் தெப்பனோருக்குப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செலவு பிலோமினாவுடையது, நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் தை மாதம் அல்பிரட் டொரோன்டோவில் இருந்து தொலைபேசி எடுத்தான்.

"என்னடா ராசன், மாப்பிள்ளையின்ரை தாய்க்குச் சீதனமாப் பல்லுக் கட்டிக் குடுத்தனியாம்?"

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. இந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த ஆள் கழுத்துப்பட்டி கட்டுகிறவர். பெயர் சொல்லமாட்டேன், சம்பந்தியாகப் போகிறவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போன பிறகு நடந்ததை நான் இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. வெளியில் பனி தூறத் தொடங்கியிருந்தது. றெஜினா பல்லைக் கழுவி மாட்டிக்கொண்டு கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிலானி குசினி வாசலில் வந்து நின்றாள். அவள் கேட்டதில் ஆங்கிலமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை.

"முரசு வருத்தம் எண்டுதானே அம்மா எனக்குச் சொன்னனீங்கள்."

றெஜினா அடுத்த கோப்பையை எடுத்தாள்.

"என்ரை கம்பிக்காகத்தான் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

றெஜினா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். மகளின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"சொல்லியிருந்தால் பிறகு நீ சிரிச்சிருப்பியோ?" என்றாள்.